வலையின் உயரத்தை வகுப்போர் யார்?

மாலை வெயில் தணியும் வேளையில் நம் நாட்டின் எந்தக் கிராமத்தினூடாகச் சென்றாலும், பாடசாலை மைதானத்திலோ, கோயிலின் பின்வீதியிலோ, கடற்கரை மணலிலோ இரண்டு கம்பங்களும் அவற்றுக்கிடையே ஒரு வலையும் கண்ணிற் படாமற் போகா. கம்பத்தில் முன்னரே இட்டுவைத்த அடையாளத்தைப் பார்த்து ஒருவர் வலையை இழுத்துக் கட்டுவார். மற்றொருவர் கையை உயர்த்தி அளந்து பார்த்துத் தலையசைப்பார். ஆடவர்க்கு 2.43 மீற்றர், மகளிர்க்கு 2.24 மீற்றர் என்பது கரப்பந்தாட்டத்தில் ஈடுபாடுள்ள சிறுவர்களுக்குங்கூடத் தெரிந்த கணக்கு. ஆயின், இந்த 2.43 எங்கிருந்து வந்தது? அதனை மாற்றவேண்டுமென்று எவரேனும் எண்ணினால் யாரிடம் சென்று கேட்பது? இவ்வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால் பாரிஸ், மணிலா, தோக்கியோ, லோசான் என்று உலகையே ஒரு முறை சுற்றி வர நேரிடுகின்றது. அப்பயணத்தில் வாசகர்களையும் உடனழைத்துச் செல்வதே நமது நோக்கம்.

இவ்விளையாட்டு நம் நாட்டிற்கு 1916 ஆம் ஆண்டில் வந்தது. கொழும்பு வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் உடற்பயிற்சிப் பணிப்பாளராயிருந்த றொபேட் வோல்டர் கமாக் என்பவரே இதனை இங்கு அறிமுகம் செய்தவர். 1991 இல் இது இலங்கையின் தேசிய விளையாட்டாகப் பிரகடனம் செய்யப்பட்டது. தேசிய விளையாட்டென்று நாம் உரிமை கொண்டாடினும், அதன் சட்டப் புத்தகத்தில் ஓரெழுத்தைத் திருத்தும் அதிகாரம் நமக்குத் தனியே இல்லை. அந்த அதிகாரம் சுவிற்சர்லாந்து நாட்டில், லேமன் ஏரிக்கரையிலுள்ள லோசான் நகரத்தில், சர்வதேச கரப்பந்தாட்டச் சம்மேளனத்தின் தலைமையகத்தில் இருக்கின்றது. உலகின் 222 தேசிய சம்மேளனங்கள் அதன் அங்கத்தவர்கள். ஐக்கிய நாடுகள் சபையின் அங்கத்துவ நாடுகள் 193 தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் பரப்பு ஒருவாறு விளங்கும்.

முதியோர்க்காகப் பிறந்த ஆட்டம்

1895 ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஹோலியோக் என்னும் ஊரில், வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தில் உடற்பயிற்சி கற்பித்த வில்லியம் ஜி. மோர்கன் இதனை உருவாக்கினார். அப்பொழுது புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த கூடைப்பந்தாட்டம், அலுவல் முடிந்து வரும் நடுத்தர வயதினருக்குச் சற்றுக் கடுமையாயிருந்தது. ஒருவரையொருவர் மோதாமல், இடையே வலை கட்டி ஆடும் ஆட்டமொன்றை அவர் அவர்களுக்காகச் சிந்தித்தார். வலையின் உயரம் ஆறடி ஆறங்குலம். எத்தனை பேரும் ஆடலாம். எத்தனை முறையும் பந்தைத் தட்டலாம். ‘மின்ரனெற்’ என்று அவர் இட்ட பெயர் நிலைக்கவில்லை. மறுவருடம் ஸ்பிறிங்பீல்ட் நகரில் ஆடிக் காட்டியபோது அல்பிரட் ஹால்ஸ்ரெட் என்பவர் கூறிய ‘வொலிபோல்’ என்னும் பெயரே நிலைத்தது.

வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தினர் சென்றவிடமெல்லாம் பந்தும் சென்றது. ஆனால் ஒரு சட்டம் செல்லவில்லை. ஒவ்வொரு நாட்டிலும் அவ்வந்நாட்டு மண்ணுக்கும் மக்களுக்கும் ஏற்றபடி ஆட்டம் உருமாறியது. பிலிப்பைன்ஸ் தீவினர், ஒருவர் பந்தை உயர்த்திக் கொடுக்க மற்றொருவர் பாய்ந்து அறையும் முறையைக் கண்டு பிடித்தனர். இன்று உலகமெங்கும் எழுந்து நின்று கைதட்டச் செய்யும் அந்த அறைதல் ஆசியாவின் கொடை என்பதைப் பலர் மறந்துவிட்டனர். கீழைத்தேயப் போட்டிகளில் ஒரு கட்சிக்கு 16 பேர் ஆடினர். பின்னர் அது 12 ஆகி, 9 ஆகக் குறைந்தது. அங்கு ஆடுவோர் இடம் மாறிச் சுற்றுவதில்லை. முன்வரிசைக்காரர் முன்வரிசையிலேயே, பின்வரிசைக்காரர் பின்வரிசையிலேயே நிற்பர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமோ கட்சிக்கு ஆறு பேர். சேர்விஸ் கைமாறுந்தோறும் அவர்கள் இடம் மாறிச் சுற்றவேண்டும்.

நம் வடபகுதிக் கிராமங்களில் ‘ஓவர் கேம்’ என்றும் ‘செற்றப்’ என்றும் இருவகை ஆட்டங்கள் வழங்கி வருவதை அறிந்தோர், இதில் வியப்படைய மாட்டார்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறுபட்டால் ஆட்டத்திற் சுவை கூடுமேயன்றிக் குறையாது. ஊரும் ஊரும் போட்டிக்கு நிற்கும்பொழுதுதான் தொல்லை தொடங்குகின்றது. நாடும் நாடும் போட்டிக்கு நின்றால் கேட்க வேண்டியதில்லை.

பாரிஸில் கூடிய பதினால்வர்

1936 இல் பேர்லின் ஒலிம்பிக் விழாவையொட்டியே ஒரு சர்வதேச அமைப்பைக் காணும் முயற்சி தொடங்கியது. மூன்றாண்டுகளில் உலகப் போர் மூண்டது. போர் ஓய்ந்த மறுவருடமே, 1946 ஆகஸ்டில், செக்கோசிலவாக்கியா, பிரான்ஸ், போலந்து ஆகிய மூன்று நாடுகளின் பிரதிநிதிகள் பிராக் நகரில் சந்தித்தனர். உணவும் நிலக்கரியும் பங்கீட்டில் வழங்கப்பட்ட அக்காலத்தில், இடிந்த நகரங்களினின்று புறப்பட்டு வந்தவர்கள் பந்தாட்டச் சட்டத்தைப் பற்றிப் பேசினார்கள் என்பது நமது மனத்தை நெகிழ்விக்கின்றது.

1947 ஏப்ரலில் பாரிஸ் நகரில் ஆரம்ப மகாநாடு கூடியது. பெல்ஜியம், பிரேசில், செக்கோசிலவாக்கியா, எகிப்து, பிரான்ஸ், ஹங்கேரி, இத்தாலி, நெதர்லாந்து, போலந்து, போர்த்துக்கல், ருமேனியா, உருகுவே, ஐக்கிய அமெரிக்கா, யூகோசிலாவியா என்னும் 14 நாடுகளின் சம்மேளனங்கள் அதிற் பங்கு பற்றின. பிரான்ஸைச் சேர்ந்த போல் லிபோ தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். ஐரோப்பியச் சட்டமும் அமெரிக்கச் சட்டமும் ஒன்றாக்கப்பட்டன. ஆடுகளம் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம்; வலை ஆடவர்க்கு 2.43, மகளிர்க்கு 2.24. நமது கிராமத்து இளைஞர் கம்பத்தில் இடும் அடையாளம் அங்கேதான் இடப்பட்டது.

இப்பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆசியாவிலிருந்து ஒரு நாடேனும் இல்லை. ஆசியாவில் அப்பொழுது 21.35 மீற்றர் நீளமும் 10.67 மீற்றர் அகலமும் கொண்ட பெரிய களத்தில், 2.28 மீற்றர் உயர வலைக்கு இருமருங்கும் ஒன்பதின்மர் நின்று ஆடிக்கொண்டிருந்தனர். உயரம் குறைந்த மக்களுக்குத் தாழ்ந்த வலையும், நெருங்கி வாழும் மக்களுக்குப் பெரிய குழுவும் இயல்பாகவே பொருந்தின. அவர்களைக் கேளாமலே உலகச் சட்டம் எழுதப்பட்டுவிட்டது.

இதற்காகச் சம்மேளனத்தினரைக் குறை கூறுவதும் முற்றிலும் நியாயமாகாது. கூட வந்தவர்களைக் கொண்டே கூட்டம் நடத்த முடியும். எனினும், முதலில் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் எழுதியதே பின்னர் வந்தோர்க்கும் சட்டமாகிவிடுகின்றது.

ஆசியர் உடனே பணிந்துவிடவில்லை. 1954 இல் மணிலாவில் ஆசியச் சம்மேளனம் அமைக்கப்பட்டது. 1958 இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அறுவர் ஆட்டத்துக்கு ஒரு பதக்கம், ஒன்பதின்மர் ஆட்டத்துக்கு ஒரு பதக்கம் என இரண்டையும் வைத்தனர். 1962 இல் ஜக்கார்த்தாவிலும் அப்படியே. ஆனால் ஒலிம்பிக் விழாவுக்குச் செல்லும் பாதை அறுவர் ஆட்டத்தின் வழியாகவே சென்றது. ஆகவே ஒன்பதின்மர் ஆட்டம் சர்வதேச அரங்கினின்று மெல்ல மெல்ல விலகியது. அது மாண்டுபோகவில்லை, யப்பானிய அன்னையர் கழகங்களிலும், வட அமெரிக்காவில் வாழும் சீனர் ஆண்டுதோறும் நடத்தும் போட்டியிலும் இன்றும் உயிரோடிருக்கின்றது.

நூற்பாலைப் பெண்கள்

1957 இல் பல்கேரியத் தலைநகர் சோபியாவில் சர்வதேச ஒலிம்பிக் குழு கூடியபோது அதன் அங்கத்தவர்களுக்குக் கரப்பந்தாட்டம் ஆடிக் காட்டப்பட்டது. அதன் பயனாக 1964 இல் தோக்கியோ ஒலிம்பிக் விழாவில் இவ்வாட்டம் இடம் பெற்றது. ஒலிம்பிக் வரலாற்றில் மகளிர் குழுவாக நின்று ஆடிய முதற் பந்தாட்டம் இதுவே.

அவ்விழாவில் யப்பானிய மகளிர் குழுவின் பெரும்பான்மையோர் நிச்சிபோ நூற்பாலையின் கைசுக்கா ஆலையைச் சேர்ந்த பெண்கள். பகலில் ஆலையில் வேலை செய்து, அது முடிந்தபின் இரவு நெடுநேரம் வரை தைமாற்சு ஹிரோபுமி என்னும் கடுமையான பயிற்சியாளரின் கீழ் ஆடியவர்கள். பந்து விழுமிடத்துக்குப் பாய்ந்து, தரையில் உருண்டு, அடுத்த கணமே எழுந்து நிற்கும் வித்தையில் அவர்கள் தேர்ந்தவர்கள். 1962 இல் மொஸ்கோ நகரிலேயே சோவியத் குழுவை வீழ்த்தி உலகப் பட்டத்தை வென்றிருந்தனர். 1964 ஒக்ரோபர் 23 ஆம் திகதி தங்கப் பதக்கத்துக்காக அதே சோவியத் குழுவை மீண்டும் எதிர்த்து வென்றபோது, அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியிற் கண்ட யப்பானிய இல்லங்கள் 66.8 சதவீதம் என்று கணக்கிட்டனர். பாரிஸில் உயர்த்தப்பட்ட வலைக்கு ஆசியர் கூறிய மறுமொழி இதுவேயெனலாம்: உயரத்தால் வெல்ல முடியாததை வேகத்தால் வெல்வது. 1972 இல் மியூனிக் நகரில் யப்பானிய ஆடவரும் தங்கம் வென்றனர்.

எட்டிப் பிடித்த உயரத்திலிருந்து சறுக்குவதற்கு மூன்றாண்டுகள்கூடச் செல்லவில்லை. 1967 ஜனவரியில் அதே தோக்கியோவில் மகளிர் உலகப் போட்டி நடைபெறவிருந்தது. வட கொரியாவுக்கும் கிழக்கு ஜேர்மனிக்கும் அவர்தம் பெயர், கொடி, கீதம் ஆகியவற்றை வழங்க விழாவை நடத்தியோர் மறுத்தனர். சோவியத் ஒன்றியமும் அதன் நேச நாடுகளும் விலகிக்கொண்டன. எஞ்சியவை யப்பான், ஐக்கிய அமெரிக்கா, தென் கொரியா, பெரு என்னும் நான்கே! நான்கு குழுக்களைக் கொண்டு ‘உலக’ப் போட்டி நடந்து முடிந்தது. யப்பான் வென்றது, ஆனால் யாரை வென்றது? வருடக்கணக்கில் தரையில் உருண்டு பயின்ற பெண்களின் உழைப்பு, கொடிக் கம்பத்தைப் பற்றிய வழக்கில் அகப்பட்டுக்கொண்டது. சர்வதேசச் சம்மேளனம் என்று ஒன்று இருந்தும் அதனைத் தடுக்க இயலவில்லை.

அறுபத்தொரு ஆண்டுகள், இரண்டு தலைவர்கள்

போல் லிபோ 1947 முதல் 1984 வரை 37 ஆண்டுகள் தலைவராயிருந்தார். அவருக்குப் பின் மெக்சிக்கோ நாட்டு வழக்கறிஞர் ரூபன் அக்கொஸ்தா 2008 வரை 24 ஆண்டுகள். இருவரும் சேர்ந்து 61 ஆண்டுகள். நாட்டுத் தலைவர்களிற்கூட இத்தகையோர் அரியர். அடுத்து வந்த சீனரான வெய் ஜிசோங் நான்கே ஆண்டுகள் இருந்தார். ஆசியர் ஒருவர் அப்பதவியில் அமர்ந்தது அதுவே முதன்முறை. 2012 முதல் 2024 வரை பிரேசிலைச் சேர்ந்த ஆரி கிராசா. 2024 நவம்பரில் போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகரில் கூடிய மகாநாட்டில் அதே பிரேசிலைச் சேர்ந்த பாபியோ அசவேடோ தெரிவானார். ஆக, பாரிஸ் நாள் முதல் இன்று வரை ஐவரே. பெண்ணொருவர் இன்னும் அவ்விருக்கையில் அமரவில்லை.

அக்கொஸ்தாவின் காலமே இவ்விளையாட்டின் முகத்தை மாற்றிய காலம். தலைமையகத்தைப் பாரிஸினின்று, ஒலிம்பிக் குழு வீற்றிருக்கும் லோசான் நகருக்கு அவர் கொண்டு சென்றார். 1990 இல் ஆடவர்க்கு உலக லீக் போட்டியும், 1993 இல் மகளிர்க்குக் கிறான்ட் பிறீ போட்டியும் பரிசுப் பணத்துடன் தொடங்கின. கடற்கரைக் கரப்பந்தாட்டம் 1996 இல் அற்லான்டா ஒலிம்பிக்கில் நுழைந்தது.

நம் ஊர்க் களங்கள் வரை எட்டிய மாற்றம் புள்ளிக் கணக்கில் வந்தது. முன்னர் சேர்விஸ் போட்ட கட்சி வென்றாற்றான் புள்ளி; மற்றக் கட்சி வென்றால் சேர்விஸ் மட்டுமே கைமாறும். பதினைந்து புள்ளி எடுக்க அரைமணி நேரமும் ஆகலாம், ஒருமணி நேரமும் ஆகலாம். ஆடுவோர்க்கு அது ஒரு சுகம். தோற்றுக்கொண்டிருப்பவனுக்கும் நம்பிக்கை அற்றுப்போவதில்லை. தொலைக்காட்சி நிலையத்தாருக்கோ அது தலைவலி. ஆட்டம் எப்பொழுது முடியுமென்று தெரியாத ஒன்றுக்கு எவ்வாறு நேரம் ஒதுக்குவது? 1988 இல் ஐந்தாவது சுற்றுக்கு மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு புள்ளி என்றனர். 1998 இல் எல்லாச் சுற்றுக்கும் அதையே விதித்து, முதல் நான்கு சுற்றுகளை 25 புள்ளியாக்கினர். வெள்ளைப் பந்து வண்ணப் பந்தாயிற்று. பின்வரிசையில் மட்டும் ஆடும் ‘லிபரோ’ என்னும் வேறு நிறச் சட்டைக்காரர் தோன்றினார். உயரம் குறைந்த ஆட்டக்காரருக்கு உலக அரங்கில் ஓரிடம் கிடைத்தமைக்காக, இந்த லிபரோவை நாம் மனமார வரவேற்கின்றோம். பழைய புள்ளிமுறைக்காக ஏங்கும் முதியோர் நம்மிடையே இன்னும் உளர். அவர்களோடு வாதாட நமக்குத் துணிவில்லை.

வளர்ச்சியோடு வினாக்களும் வளர்ந்தன. சம்மேளனத்தின் நிதி நிர்வாகத்தைப் பற்றிக் கேள்விகள் எழுந்தன; ஒலிம்பிக் குழுவின் ஒழுக்க ஆணைக்குழு அதில் கவனம் செலுத்தியது. 2004 இல் அக்கொஸ்தா ஒலிம்பிக் குழுவின் அங்கத்துவத்தினின்று விலகினார். ஆனால் கரப்பந்தாட்டச் சம்மேளனத்தின் தலைமையில் மேலும் நான்கு ஆண்டுகள் நீடித்தார்.

ஒரு நாடு, ஒரு வாக்கு

இனி, இந்த இயந்திரம் இயங்கும் முறையைச் சற்று நோக்குவோம். ஊர்க் கழகம் மாவட்டச் சங்கத்திலும், மாவட்டச் சங்கம் தேசிய சம்மேளனத்திலும் சேர்கின்றன. தேசிய சம்மேளனம் ஐந்து கண்டச் சம்மேளனங்களுள் ஒன்றில் அடங்குகின்றது: ஆசியாவும் ஓசியானியாவும் ஒன்று, ஐரோப்பா ஒன்று, ஆபிரிக்கா ஒன்று, தென் அமெரிக்கா ஒன்று, வட அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள் மூன்றும் சேர்ந்து ஒன்று. இவ்வனைத்துக்கும் மேலாக இரண்டாண்டுக்கொருமுறை கூடுவது உலக மகாநாடு. அங்கு ஒவ்வொரு தேசிய சம்மேளனத்துக்கும் ஒரே வாக்கு. ஒலிம்பிக் தங்கங்களை அள்ளிச் சென்ற பிரேசிலுக்கும் ஒன்று, இலங்கைக்கும் ஒன்று, சில ஆயிரம் மக்களே வாழும் பசிபிக் தீவுக்கும் ஒன்று.

ஒரு நாட்டு ஆட்டக்காரர் மற்றொரு நாட்டுக் கழகத்துக்கு ஆடச் சென்றால், இடமாற்றப் பத்திரம் பெற வேண்டும். அதற்குச் சொந்தச் சம்மேளனத்தின் சம்மதம் தேவை. இத்தாலி, போலந்து, துருக்கி முதலிய நாடுகளின் கழகங்களே இன்று அதிக ஊதியம் வழங்குவன. ஆட்டக்காரரின் உணவும் உடையும் கழகத்திடமிருந்து வருகின்றன. அவரை நாட்டுக்காக அழைக்கும் உரிமையோ சம்மேளனத்திடம் இருக்கின்றது. ஆட்டக்காரர்களுக்கென ஓர் ஆணைக்குழு உண்டெனினும், மகாநாட்டில் வாக்களிப்பவை தேசிய சம்மேளனங்களே.

வாக்கு சமமாயிருந்தாலும் பணப்பெட்டி சமமாயில்லை. உலகக் கிண்ணப் போட்டி 1977 முதல் 2019 வரை யப்பானிலேயே நடைபெற்று வந்தது. காரணம் இரகசியமன்று: அரங்கை நிறைக்கும் இரசிகர்களும், பணம் செலுத்தும் தொலைக்காட்சி நிலையங்களும் அங்கேதான் இருந்தன. ஒலிம்பிக் தகுதிகாண் போட்டிகள் பலவும் அங்கேயே நடந்தன. 2016 மே மாதத்தில் தோக்கியோவில் நடந்த அத்தகைய போட்டியொன்றில் தாய்லாந்து மகளிர் யப்பானை எதிர்த்தனர். ஐந்தாவது சுற்றில் தாய்லாந்து 12 - 8 என்று முன்னின்றது. அந்நேரத்தில் ஆட்டக்காரரை மாற்றும் கோரிக்கை பற்றி வாக்குவாதம் எழ, தாய்லாந்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரு சிவப்பு அட்டைகள் காட்டப்பட்டன. ஒவ்வொரு சிவப்பு அட்டைக்கும் எதிர்க்கட்சிக்கு ஒரு புள்ளி. யப்பான் 15 - 13 என்று வென்றது. தாய்லாந்து மகளிர் றியோ ஒலிம்பிக்குக்குச் செல்லவில்லை. நடுவர் சட்டப் புத்தகத்தின்படியே தீர்ப்பளித்திருக்கலாம். அதனை நாம் இங்கிருந்து ஆராயப் புகவில்லை. ஆனால் போட்டி எப்பொழுதும் ஒருவர் முற்றத்திலேயே நடந்தால், சரியான தீர்ப்பும் சந்தேகத்துக்கு உள்ளாகுமென்பதை லோசானில் இருப்போர் உணர்ந்திருக்க வேண்டும்.

2021 இல் இன்னுமொரு படி ஏறினர். சீ. வீ. சீ. என்னும் முதலீட்டு நிறுவனம் 30 கோடி டொலர் முதலிட, ‘வொலிபோல் வேர்ல்ட்’ என்னும் வர்த்தக அமைப்பு உருவாயிற்று. போட்டிகளின் ஒளிபரப்பும் விளம்பரமும் அதன் கைக்குச் சென்றன. பணம் போட்டவர் பலனை எதிர்பார்ப்பது இயல்பு. நான்காண்டுக்கொருமுறை நடந்து வந்த உலகப் போட்டி 2025 முதல் இரண்டாண்டுக்கொருமுறையாகி, 32 குழுக்கள் கொண்டதாயிற்று. ஆண்டுதோறும் நடக்கும் நேஷன்ஸ் லீக் போட்டி 16 குழுக்களிலிருந்து 18 ஆகியது. சிறு நாடுகளுக்கு வாசல் அகலத் திறந்திருப்பது நல்லதே. ஆயினும் கழக ஆட்டம் முடிந்த கையோடு நாட்டுக்காக ஆடிவிட்டு மீண்டும் கழகத்துக்கு ஓடும் ஆட்டக்காரரின் முழங்காலுக்கு எவரும் வாக்களிக்கவில்லை.

உடையும் வாசலும்

இல்லத்தரசிகளும் இப்பகுதியைப் படிக்கின்றார்களாதலால், சட்டப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தையும் புரட்டுவோம். கடற்கரைக் கரப்பந்தாட்டத்தில் மகளிர் நீச்சலுடை அணிந்தே ஆடவேண்டுமென்ற விதி நெடுங்காலம் இருந்தது. வெயிலை முன்னிட்டன்று, பார்வையாளர் கண்ணை முன்னிட்டே அவ்விதி எழுதப்பட்டதென்பது எமது கருத்து. 2012 இல், லண்டன் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்கள் முன்னர், அரைக் காற்சட்டையும் கை வைத்த மேற்சட்டையும் அணியலாமென்று விதி தளர்த்தப்பட்டது. நான்காண்டுகளின் பின் றியோ கடற்கரையில் எகிப்தியப் பெண்கள் முழுக்கைச் சட்டையும் நீண்ட காற்சட்டையும் அணிந்து, அவர்களில் ஒருவர் தலையையும் மூடி, ஜேர்மனியருக்கு எதிராக ஆடினர். வலைக்கு மேலே நீண்ட இரு பெண்களின் கைகளைக் காட்டும் அப்புகைப்படம் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளியாயிற்று.

அரங்கின் வாசலைப் பற்றியும் ஒரு வழக்கு உண்டு. 2014 இல் தெஹ்ரானில் ஆடவர் ஆட்டத்தைக் காணச் சென்ற ஓர் இளம்பெண் கைது செய்யப்பட்டுச் சிறையிலிடப்பட்டார். பெண்களுக்கு வாசல் மூடியிருக்கும் வரை ஈரானுக்குத் தனது பெரும் போட்டிகளை நடத்தும் உரிமை இல்லை என்று சம்மேளனம் அவ்வாண்டு நவம்பரில் அறிவித்தது. ஈரான் ஆசியாவின் முதன்மையான ஆடவர் குழுக்களுள் ஒன்று. ஆதலால் இவ்வறிவிப்பு துணிவானதே. ஆனால் 2016 இல் ஈரானின் கிஷ் தீவில் சம்மேளனத்தின் கடற்கரைப் போட்டி நடைபெற்றது. அங்கும் பெண்கள் சிலர் வாசலில் திருப்பியனுப்பப்பட்டனர். சொல்லுக்கும் செயலுக்குமிடையே இரண்டாண்டு இடைவெளிகூட இல்லை.

தடை விதிக்கும் துணிவு வேறோரிடத்தில் விரைவாக வந்தது. 2022 பெப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் நுழைந்ததும், ரஷ்யா, பெலாரஸ் ஆகியவற்றின் குழுக்கள் மார்ச் மாதம் முதலே போட்டிகளினின்று நீக்கப்பட்டன. அவ்வாண்டு ரஷ்யாவில் நடைபெறவிருந்த ஆடவர் உலகப் போட்டி போலந்துக்கும் சிலோவேனியாவுக்கும் மாற்றப்பட்டது. 1967 இல் கொடிக்காக எழுந்த வழக்கையும் இதனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. எனினும் இரு முறையும் வீட்டில் இருக்க நேர்ந்தவர்கள் ஆட்டக்காரர்களே.

2025 செப்ரெம்பரில் ஆடவர் உலகப் போட்டி பிலிப்பைன்ஸுக்குச் சென்றது. அறைதலை உலகுக்குக் கற்பித்த அத்தீவினர், 1947 இல் பாரிஸுக்கு அழைக்கப்படாதவர்கள், இம்முறை விருந்தளிப்போராயினர். இறுதியில் பல்கேரியாவை வென்று கிண்ணத்தைக் கொண்டு சென்றது இத்தாலி. ஆனால் மணிலா இரசிகர்கள் அதற்கு முன்னரே தமது விழாவைக் கொண்டாடிவிட்டனர். ஆரம்பச் சுற்றில் அவர்களது குழு, பாரிஸில் கூடிய பதினால்வருள் ஒன்றாகிய எகிப்தை 3 - 1 என்று தோற்கடித்தது. வலையின் உயரம் 2.43 மீற்றர்தான்.